அந்த ஒரு மணி நேரம் யாருடையது?



"ஜெபிக்க நேரமே கிடைக்க மாட்டேங்குது பிரதர்" என்ற பேச்சைக் கேட்காத வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் மதுரையில் கிடையாது. சபையில் ஜெபக்குழுவை நடத்துகிற பொறுப்பு என்னிடம் இருந்ததால், இந்தப் பேச்சுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், அதாவது 1440 நிமிஷம். அதில் தசமபாகம் 144 நிமிஷம். "பணத்துல தசமபாகம் குடுக்கிற நாம, நேரத்துல குடுக்கிறோமா? 2 மணி 24 நிமிஷம் முடியலைன்னா ஒரு மணி நேரமாவது குடுக்கக் கூடாதா?" என்று கேட்பேன். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கணக்கு சரியான கணக்குதான். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வருகிறேன்.

தினமும் அதிகாலை நாலரை மணியிலிருந்து ஐந்தரை வரை முழங்காலில் நிற்கிறவன் நான். 17 வருஷம் அப்படியே நடந்தது. இதைச் சபையில் சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதும், வேலை மாற்றலாகித் தினமும் பஸ்ஸில் போய் வந்த காலத்திலும் அந்த ஒரு மணி நேரத்தை நான் விட்டதில்லை. "எப்படி பிரதர் முடியுது?" என்று கேட்பார்கள். "கர்த்தருடைய கிருபை" என்பேன். கிருபைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருபை எந்த வழியாக என் வீட்டுக்குள் வந்தது என்று நான் விசாரித்ததே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு என் மனைவி காய்ச்சலில் விழுந்தாள். மூட்டு மூட்டாக வலி. ஒன்பது நாள் எழுந்து நிற்க முடியவில்லை. எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நாலு மணிக்கும் வரும், அஞ்சு மணிக்கும் வரும். வந்தால் முக்கால் மணி நேரம். அதற்குள் டிரம்மை நிரப்ப வேண்டும், குடங்களைப் பிடித்து வைக்க வேண்டும். அது முடிந்தால் உலை, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு டிபன் டப்பா, எனக்கு மத்தியானச் சாப்பாடு. முதல் நாள் நான் முழங்காலில் இருக்கும்போது வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன். இரண்டாவது நாள் ஜெபிக்க உட்காரவே முடியவில்லை. மூன்றாவது நாள், "சத்துரு என் ஜெப ஜீவியத்தைக் குலைக்கப் பார்க்கிறான்" என்று எனக்குள் கடிந்துகொண்டேன். பிரியமானவர்களே, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்! கையில் குடத்தை வைத்துக்கொண்டு பிசாசைக் கடிந்துகொண்டிருந்தேன்.

நாலாவது நாளில்தான் ஒரு கேள்வி எழும்பியது. இந்த வேலை இந்த வாரம் புதிதாக முளைத்ததா? 17 வருஷமாகத் தண்ணீர் வந்துகொண்டுதானே இருந்தது? அப்போது அதைப் பிடித்தது யார்?

ஒவ்வொரு நாளும் அவள் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு: "நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் பாத்துக்கிறேன்." இதை நான் நல்ல ஆவிக்குரிய துணை என்று மெச்சியிருக்கிறேன். அந்தக் காய்ச்சல் நாட்களில் அதே வார்த்தை வேறு விதமாகக் கேட்டது. நான் கர்த்தருக்குக் கொடுத்ததாகச் சாட்சி சொன்ன அந்த ஒரு மணி நேரத்தை அவள் எனக்குக் கொடுத்திருந்தாள். அவளுடையதை எடுத்து, என் பெயரில் காணிக்கைப் பெட்டியில் போட்டிருந்தேன்.

இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். வேதம் இதைப் பெரிய விஷயமாகத்தான் பார்க்கிறது. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் கொர்பானைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் சேர வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களைக் கவனிக்க வேண்டியதில்லை என்று ஒரு பாரம்பரியம் இருந்தது. பார்வைக்குப் பக்தி, உள்ளே பார்த்தால், ஒருவருக்குரியதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துப் பெயர் வாங்குவது. பணத்திலும் பொருளிலும் இது தவறென்றால், நேரத்தில் மட்டும் எப்படிச் சரியாகும்? ஏசாயா 58-ஐ நாம் உபவாச நாட்களில் விரும்பி வாசிக்கிறோம். நுகத்தை முறிக்கிறதைப் பற்றிய பகுதியில் உற்சாகமாக ஆமென் சொல்லுகிறோம். அதற்கு முன்பே, 3-ஆம் வசனத்தில், நீங்கள் உபவாசிக்கிற நாளிலேயே உங்கள் வேலைக்காரரைக் கசக்கி வேலை வாங்குகிறீர்களே என்கிற குற்றச்சாட்டு இருக்கிறது. அங்கே ஆமென் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

பவுல் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். 1 கொரிந்தியர் 7-இல், புருஷனும் மனைவியும் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் என்று பிரிந்திருக்க வேண்டுமானாலும் இருவருடைய சம்மதமும் வேண்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்கிறார். ஜெபத்துக்குத்தானே, கேட்க வேண்டுமா என்று நாம் நினைப்போம். கேட்க வேண்டும் என்கிறார் அப்போஸ்தலன். பேதுரு தன் முதலாம் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் மனைவியைக் கனப்படுத்தும்படி புருஷருக்குச் சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாக உங்கள் ஜெபங்களுக்குத் தடை வரக் கூடாது என்பதை வைக்கிறார். 17 வருஷ ஜெபக்காரனாகிய நான் இந்த வசனத்தைக் கல்யாணங்களில் பிரசங்கித்திருக்கிறேன். என் நாலரை மணியோடு சேர்த்து வாசித்ததில்லை.

இதே சமயத்தில் இன்னொரு காரியமும் என் மனதில் வந்து உட்கார்ந்தது. எங்கள் சபைக்குத் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி வருவார்கள். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்த மொட்டு எந்த நேரத்தில் யாருடைய கையால் பறிக்கப்படுகிறது என்று நினைத்தவர்கள் குறைவு. மல்லிகை சாயங்காலம் விரிகிற பூ. காலையில் மொட்டாக இருக்கும்போதே பறித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மார்கழியிலும் தையிலும் பனியில் விளைச்சல் குறைந்து கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று விலை ஏறும்போது பறிக்கிற கைக்கு ஒன்றும் அப்படி ஏறிவிடாது. பறித்த எடைக்குத்தான் கூலி, மொட்டே இல்லாத நாளில் எடை எங்கிருந்து வரும்?

அந்தச் சகோதரியிடம் ஒருநாள் நான், "காலை அஞ்சு மணி ஜெபத்துக்கு நீங்க வர்றதே இல்லையே சிஸ்டர், கர்த்தருக்கு முதலிடம் குடுக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"மொட்டு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுண்ணே" என்றார்கள். "பறிக்கும்போதே ஜெபம் பண்ணிக்கிருவேன்."

"அது முழங்கால் ஜெபம் ஆகாதே" என்று நான் திருத்தினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை.

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். அதைப் பெருமையாகச் சொல்லுகிறவன் பெரும்பாலும் தூங்கி எழுந்தவனாகத்தான் இருப்பான். ராத்திரி ஒரு மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், மூன்று மணிக்கு டீக்கடை அடுப்பைப் பற்ற வைக்கிறவர், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி செய்கிற நர்ஸ், இவர்களுக்கெல்லாம் அதிகாலை என்பது எது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி மில் வந்ததிலிருந்து இந்த ஊரில் ஷிப்ட் வேலை பார்க்கிற விசுவாசிகள் உண்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறிப் போகிறவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஜெபி என்று சொல்லுவது, தினமும் ஒரே நேரத்தில் தூங்கு என்று சொல்லுவதைப் போலத்தான். நம்முடைய ஜெப ஒழுங்குகளை வகுத்தவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு ஆபீஸ் போகிறவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஆனால் எழுப்புதல் அப்படிப்பட்டவர்களிடமிருந்து ஆரம்பித்ததாகத் தெரியவில்லை. நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது கிறிஸ்டியான்பேட்டை. ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் என்கிற தமிழர் (1810–1867) எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் ஊழியம் செய்த ஊர். 1860-இல் அங்கே தேவ ஆவியானவர் ஊற்றப்பட்டார். ஜனங்கள் பாவ உணர்வடைந்து அழுதார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அசூசாத் தெருவுக்கு 46 வருஷம் முந்தியது இது. கூடாரம் செய்து பிழைத்த பவுலைப் போல ஊழியக்காரர் தம் கையால் பிழைக்க வேண்டும் என்று போதித்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் சீஷர் அருளப்பன். அவருடைய நாட்குறிப்புகளை 1939-இல் ஜி. எச். லாங் இங்கிலாந்தில் புத்தகமாக்கினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஊருக்குப் போக வழி தெரியும்?

முக்தியின் கதை இன்னும் விளக்கமாக நம்மிடம் இருக்கிறது. பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற இடத்தில் பண்டித ரமாபாய் அம்மையார் விதவைகளையும் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளையும் வைத்துக் காப்பாற்றினார். சும்மா உட்கார வைத்துச் சோறு போடவில்லை. வயல், நெசவு, அச்சகம், சமையல் என்று எல்லாருக்கும் வேலை இருந்தது. 1905 ஜனவரியில் எழுப்புதலுக்காகத் தினமும் கூடி ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டபோது 70 பெண்கள் எழுந்தார்கள். ஜூன் மாதத்தில் 550 பேர் கூடி ஜெபித்தார்கள். அந்த ஜூன் 29-ஆம் தேதி விடியற்காலத்தில் ஒரு பெண் ஆவியினால் நிரப்பப்பட்டாள். அவளைச் சூழ்ந்து அக்கினியைக் கண்ட இன்னொரு பெண், நெருப்புப் பிடித்துவிட்டது என்று தண்ணீர் வாளியை எடுக்க ஓடினாள். ஊற்றப்போகும்போதுதான் அவள் எரியவில்லை என்று தெரிந்ததாம். அங்கே ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நான் இந்தச் சாட்சியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், எப்போதும் அக்கினியைப் பற்றித்தான். கவனிக்காமல் விட்டது வேறு ஒன்று. அந்தப் பெண்களின் நாள் அவர்கள் கையில் இல்லை; ரமாபாயின் கையில் இருந்தது. எப்போது எழுவது, எப்போது வயலுக்குப் போவது, எல்லாம் அங்கே ஒழுங்கு. அப்படிப்பட்டவர்கள் தினமும் கூடி ஜெபிக்க வேண்டுமானால், ஒழுங்கை வைத்திருக்கிறவர் தம் ஒழுங்கில் இடம் விட்டாக வேண்டும். அவர் விட்டார். தாமும் அவர்களோடு உட்கார்ந்தார்.

இதற்கு நேர் எதிரான ஒருவனை யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். மூன்று நாள் பிரயாணமாக வனாந்தரத்துக்குப் போய்த் தேவனுக்குப் பலியிட அனுமதி கேட்டார்கள் இஸ்ரவேலர். பார்வோன் என்ன செய்தான்? ஆராதிக்க நேரம் கேட்கிறார்கள் என்றால் வேலை போதவில்லை என்று அர்த்தம் என்றான். வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. இன்றைக்கு ஒரு விசுவாசி தன்னுடைய கடையில் வேலை செய்கிற பையனைக் காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை நிற்க வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஜெப ஜீவியத்தைப் பற்றிப் புத்தி சொன்னால், அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்? கடை வைத்திருக்கிற சகோதரர்கள் கோபப்படக் கூடாது. என் வீட்டில் நானே சின்னப் பார்வோனாக இருந்தேன் என்பதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரமும் இதுதான். ஜெபத்திலும் வசனத்திலும் தரித்திருப்போம் என்று அப்போஸ்தலர் சொன்னதை ஊழியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்தத் தீர்மானம் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. "நாங்க ஜெபத்துல இருக்கோம், தொந்தரவு பண்ணாதீங்க" என்று அவர்கள் சொல்லவில்லை. முறையீட்டைக் கேட்டார்கள். பந்தி விசாரிக்க ஏழு பேரை, அதுவும் ஆவி நிறைந்தவர்களாகப் பார்த்து, ஏற்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஜெபத்துக்குப் போனார்கள். ஒரு விதவையின் பசியை மிதித்துக்கொண்டு போய் அவர்கள் முழங்கால் போடவில்லை.

இந்த இடத்தில் ஒரு எளிதான சமாதானம் நமக்குக் கைவசம் உண்டு: "வேலையே ஜெபம்தான் சிஸ்டர், சமைக்கும்போதே ஜெபிக்கலாமே." மல்லிகைத் தோட்டத்துச் சகோதரி பறிக்கும்போது ஜெபித்தது மெய்யான ஜெபம், அதைக் குறைத்துச் சொன்ன என் வாய்தான் தவறு. நெகேமியா ராஜாவுக்கு முன்பாக நின்றுகொண்டே ஒரு நொடியில் ஜெபிக்கவில்லையா? ஆனால் அதையே முழு பதிலாகச் சொல்லுகிறவர்கள் யார் என்று பாருங்கள். தனி அறையும் தனி நேரமும் உள்ளவர்கள்தான், அது இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லுகிறோம். காய்ச்சல் விட்ட பிறகு நான் என் மனைவியிடம், "நீ இத்தனை வருஷம் எப்ப ஜெபம் பண்ணுன?" என்று கேட்டேன். "பாத்திரம் கழுவும்போது பண்ணுவேன்" என்றாள். "அது போதுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாளாவது கதவச் சாத்திட்டு அழுது ஜெபிக்கணும்னு இருக்குங்க" என்றாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன ஆண்டவர் ஆண்களுக்கு மட்டுமா சொன்னார்? ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர் ஜெபிக்கும்போது தன் மேல்துணியைத் தலைமேல் போட்டுக்கொள்வார், அப்போது பிள்ளைகள் அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லுவார்கள். இதைத் தாய்மாருக்கு முன்மாதிரியாகப் பிரசங்கிக்கிறோம். அந்த வீட்டில் ஒரு கதவு கூடவா இல்லை என்று இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அப்படியானால் எல்லாருடைய கடனையும் தீர்த்த பிறகுதான் ஜெபிக்க வேண்டுமா? அப்படிச் சொன்னால் ஒருவனும் ஜெபிக்க மாட்டான். தானியேல் 120 தேசாதிபதிகளுக்கு மேல் இருந்த மூன்று பிரதானிகளில் ஒருவன். ராஜ்யத்தின் கணக்கு அவன் தலைமேல். ஆனாலும் தினம் மூன்று வேளை முழங்கால் போட்டான், உத்தியோகத்திலும் அவன்மேல் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆண்டவருடைய காரியம் இன்னும் யோசிக்க வைக்கிறது. மாற்கு 1-ஆம் அதிகாரத்தில், சூரியன் அஸ்தமித்த பிறகும் வியாதியஸ்தரைச் சுகமாக்கினவர், இருட்டோடே எழுந்து தனியே போய் ஜெபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். தேவையோடு வாசலில் நின்றவர்களை விட்டுவிட்டா ஜெபிக்கப் போனார்? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் முழுவதும் தீரவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அவர் தம்முடைய தூக்கத்திலிருந்து எடுத்தார். அவர் ஜெபிக்கும்படி வேறொருவரும் எழுந்து தண்ணீர் பிடிக்கவில்லை.

என்னுடையது என்று சொல்லத்தக்க நேரம் எனக்கு இருந்ததா என்று யோசித்தேன். இருந்தது! ராத்திரி ஒன்பது மணி. சாப்பிட்டு முடித்து, டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதத்தைப் பார்ப்பேன். பிறகு செல்போன். அந்த நேரத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை, யாருக்கும் அது கடன் இல்லை. அதைக் கர்த்தருக்குக் கொடுக்க ஒருநாளும் தோன்றவில்லை. என்னுடையதை எனக்கு வைத்துக்கொண்டு, அவளுடையதை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் ஜெபம் ராத்திரி ஒன்பது மணிக்கு. உங்களிடம் மறைப்பானேன், பழைய நாலரை மணியின் தெளிவு அதில் இல்லை. முழங்காலிலேயே தூங்கிப்போகிற நாட்கள் உண்டு. கெத்செமனேயில் தூங்கின சீஷர்களைப் பற்றி இனிமேல் நான் கடுமையாகப் பிரசங்கிக்க மாட்டேன். ஜெபக்குழுவில் அந்த 144 நிமிஷக் கணக்கையும் விட்டுவிட்டேன். யாராவது நேரமில்லை என்றால், "உங்க நாள்ல யார் யார் கை இருக்கு?" என்று கேட்கிறேன். பூப்பறிக்கிற சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணே" என்று காப்பி கொடுத்தார்கள். போதகரிடம் பேசி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு ஜெபவேளை ஆரம்பித்திருக்கிறோம். ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். இரண்டு பேர் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வருகிறவர்கள்.

காலையில் தண்ணீரும் அடுப்பும் என் பொறுப்பு. நாலரைக்கு என் மனைவி உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன ஜெபிக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் ஒருநாள் சாம்பார்ப் பொடி டப்பாவைக் காணோம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கேட்டுவிடலாம் என்று கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே அழுகிற சத்தமும் ஸ்தோத்திரச் சத்தமும் கேட்டது. சின்னவன் எழுந்து வந்து, "அம்மா எங்கப்பா?" என்றான். "ஜெபத்துல இருக்காங்க, சத்தம் போடாத" என்று அவனை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எல்லார் டப்பாவிலும் தயிர்சாதம்தான்.